அக்னிவீரரா, ஆபீசரா? முதலில் பிறந்த தேதியை எடுத்து வையுங்கள்

"மிலிட்டரிக்குப் போகணும்னு பையன் ஒத்தைக் காலில் நிற்கிறான், என்ன செய்யலாம்?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஊரில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் இருப்பார், அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "முதல்ல உள்ளே போயிடச் சொல்லு, மத்ததை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்." வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களில் இது வேதவாக்கு. அவர் காலத்துக்கு அது சரியான அறிவுரையும்கூட. பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, பதினைந்து ஆண்டு முடித்தால் பென்ஷன் உறுதி, நாற்பதுக்குள் ஊருக்கு வந்து வங்கியிலோ தபால் ஆபீசிலோ எக்ஸ் சர்வீஸ்மென் கோட்டாவில் இரண்டாவது வேலை, கையில் கேன்டீன் கார்டு. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அந்தப் பட்டாளம் 2022 ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு முப்படைகளிலும் படைவீரராகச் சேர பொதுவான வாசல் அக்னிவீரர்தான். சேவை நான்கு ஆண்டு. அது முடிந்ததும் ஒவ்வொரு பேட்சிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் படைக்கு எடுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு மேலும் பதினைந்து ஆண்டு. மற்றவர்கள் வீட்டுக்கு. ஆக, "உள்ளே போயிட்டு மத்ததைப் பார்க்கலாம்" என்றால், நான்கு பேரில் மூன்று பேருக்கு அங்கே பார்ப்பதற்கு "மத்தது" எதுவும் இருக்காது. இதை வைத்து அரசியல் பேச நான் வரவில்லை, அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். பையனும் பொண்ணும் முடிவெடுக்க வேண்டியவர்கள், கணக்கைப் பார்ப்போம்.

முதலில் பணம், ஏனென்றால் வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். அக்னிவீரருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000, நான்காம் ஆண்டு 40,000. கையில் வருவது இதில் 70 சதவீதம், அதாவது முதல் ஆண்டு 21,000, கடைசி ஆண்டு 28,000. மீதி 30 சதவீதம் சேவா நிதி என்ற கணக்குக்குப் போகும், அரசும் அதே அளவு போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. சேவைக் காலம் முழுக்க 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, பிரீமியம் நாம் கட்ட வேண்டாம். சாப்பாடு, உடை, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் இலவசம் என்பதால் 21,000-இல் பாதிக்கு மேல் அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியும். பதினெட்டு வயதில், கடன் எதுவும் வாங்காமல். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான பொறியியல் பட்டதாரிகள் இந்தச் சம்பளத்துக்கு ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒப்பந்த வேலை பார்க்கிறார்கள், அறை வாடகையும் தங்களே கொடுத்துக்கொண்டு.

இல்லாதவை என்னென்ன என்றும் பார்த்துவிடலாம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, வெளியே வந்தால் எக்ஸ் சர்வீஸ்மென் என்ற தகுதி இல்லை, கேன்டீன் கார்டும் முன்னாள் படையினருக்கான மருத்துவத் திட்டமும் இல்லை. விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். பழைய சிப்பாய்க்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, அதற்கு மேல் 30 நாள் கேஷுவல். பணியில் உயிர் போனால் காப்பீடு, கருணைத் தொகை, சேவா நிதி என்று குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு பெரிய தொகை வரும், ஆனால் மாதாமாதம் வரும் குடும்பப் பென்ஷன் வராது. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் உறுத்துவது இதுதான், சேவா நிதி கணக்கு அல்ல. நடுவில் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வரவும் லேசில் முடியாது. அனுமதி கிடைத்து வந்தாலும் நாம் போட்ட பணம் வட்டியோடு வரும், அரசு போட்டது வராது.

இப்போது ஆபீசர் பக்கம். லெப்டினன்ட் ஒருவருக்கு ஏழாவது ஊதியக் குழு கணக்கில் அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவப் பணிக்கான தனி ஊதியம் 15,500, அகவிலைப்படி சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும். டேராடூன் ராணுவ அகாடமியிலோ பரங்கிமலை ஆபீசர் பயிற்சி அகாடமியிலோ பயிற்சியில் இருக்கும்போதே மாதம் 56,100 உதவித்தொகை. இரண்டு சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் சந்தேகமே வராது, எல்லோரும் ஆபீசர்தான் என்பார்கள். ஆனால் அக்னிவீரர் ஓட்டத்தில் ஜெயிக்கிற எல்லோருக்கும் ஆபீசர் வாசல் திறந்திருப்பதில்லை. எந்த வாசல் எந்த வயதில் மூடுகிறது என்பதை வைத்துத்தான் இந்த முடிவையே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பலரும் கடைசியில் பார்ப்பது அதைத்தான்.

அக்னிவீரர் வாசல் பதினேழரை வயதில் திறக்கிறது. திட்டத்தை அறிவித்தபோது மேல் வரம்பு 21, ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கையில் பிறந்த தேதி வரம்பைத் தனியாகப் போடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுப் பணிக்குப் பத்தாம் வகுப்பில் 45 சதவீதம் போதும். ஆபீசர் பக்கம் முதல் வாசல் என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமி, பதினாறரை முதல் பத்தொன்பதரை. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. தேர்வானால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, தரைப்படை என்றால் அப்புறம் டேராடூனில் ஓர் ஆண்டு, படிப்புச் செலவு அரசுடையது. இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து 60 சதவீதம் வைத்திருந்து ஜே.இ.இ. மெயினும் எழுதியிருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக நேர்முகத்துக்குப் போகும் டெக்னிக்கல் என்ட்ரி ஒன்று இருக்கிறது. நம் பள்ளிகளில் இதைச் சொல்ல ஆளே இல்லை. பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். என்கிற கூட்டுப் பாதுகாப்புப் பணித் தேர்வு. அதில் டேராடூனுக்கு 24 வயது வரை, பரங்கிமலைக்கு 25 வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த சி.டி.எஸ்.-இல் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. பரங்கிமலைக்கு மட்டும் எழுதுகிறவர்களுக்குக் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலம் 100, பொது அறிவு 100, அவ்வளவுதான். பி.ஏ. வரலாறு படித்தவர்கூட எழுதலாம். இன்னும் ஒரு படி மேலே போனால், கல்லூரியில் என்.சி.சி. சேர்ந்து 'சி' சான்றிதழை பி கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, பட்டத்தில் 50 சதவீதம் வைத்திருந்தால் எழுத்துத் தேர்வே வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனுக்கு ஆபீசர் ஆக இதைவிடக் குறுக்கு வழி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. முதல் ஆண்டு என்.சி.சி. ஆள் எடுக்கும் அன்று மைதானம் பக்கம் போகாமல் இருந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் வந்து வழி கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

தேர்வு முறைகள் இரண்டும் இரண்டு விதமான ஆளைத் தேடுகின்றன. அக்னிவீரருக்கு முதலில் கணினியில் பொது நுழைவுத் தேர்வு, 2025-இலிருந்து தமிழிலும் எழுதலாம், அப்புறம்தான் ரேலி என்கிற ஆள்சேர்ப்பு முகாம். அங்கே 1.6 கிலோமீட்டர், அதாவது 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண்ணான 60. விடிகாலையில், முழங்கை இடிக்கும் கூட்டத்தில், முன்னால் ஓடுகிறவன் கிளப்பும் புழுதியை முழுங்கிக்கொண்டு ஓட வேண்டும். மூன்றாவது சுற்றில்தான் பலர் விழுகிறார்கள், ஏனென்றால் ஊரில் தனியாக ஓடிப் பழகியவன் முதல் சுற்றிலேயே கூட்டத்தோடு போட்டி போட்டு மூச்சை விட்டுவிடுகிறான். நேரம் முடிந்ததும் கோட்டில் கயிற்றைப் பிடித்துவிடுவார்கள், அதற்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கு அன்றைக்கு அதோடு சரி. தாண்டியவனுக்கு புல் அப்ஸ், பத்து எடுத்தால் 40. அப்புறம் ஒன்பது அடிப் பள்ளம், வளைந்து வளைந்து போகும் பேலன்ஸ். கடுமைதான், ஆனால் எதைப் பழக வேண்டும் என்று தெளிவாகத் தெரியும் கடுமை. ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால் தயாராகிவிடலாம்.

ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகம் அப்படியில்லை. எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனவரை ஐந்து நாள் தங்கவைத்துப் பார்ப்பார்கள், தரைப்படைக்கு நமக்குப் பெரும்பாலும் பெங்களூரு. முதல் நாளே ஒரு மங்கலான படத்தை அரை நிமிடம் காட்டி நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள், பின்பு பத்துப் பதினைந்து பேரை ஒரு வட்டமாக உட்காரவைத்து அந்தப் படத்தைப் பற்றிப் பேசி ஒரே கதைக்கு வரச் சொல்வார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் மீன் மார்க்கெட். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நம் பையன் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அன்றைக்கே முடிவு சொல்லி, பாதிக்கு மேல் ஆட்களைப் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு 15 வினாடிக்கு ஒரு சொல் வீதம் அறுபது சொல், அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலை, பன்னிரண்டு படக்கதை, வெளியே பலகையும் கயிறும் டிரம்மும் வைத்துக் குழுவாகத் தடை தாண்டுவது, தனி நேர்முகம், கடைசி நாள் எல்லோரும் கூடும் மாநாடு. ஒரு கம்பெனி படைவீரர்களை இவனை நம்பி ஒப்படைக்கலாமா என்ற ஒரே கேள்விதான் அத்தனையிலும் ஓடும். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன கோச்சிங் சென்டர் பதில்களை அவர்கள் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், கணக்குக் கிடையாது, முதல் முறை போகிறவருக்கு ரயில் கட்டணத்தையும் தருகிறார்கள். ஆறு ஏழு முறை போய்த் தேர்வானவர்கள் உண்டு.

இங்கே மொழியைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அக்னிவீரர் தேர்வு தமிழில் வந்துவிட்டது, என்.டி.ஏ.-வும் சி.டி.எஸ்.-ஸும் இன்றைக்கும் ஆங்கிலம், இந்தி மட்டும்தான். தமிழ் வழியில் படித்த கிராமத்துப் பையனுக்கு ஆபீசர் வாசலில் பெரிய தடை உடம்போ கணக்கோ அல்ல, இதுதான். அநியாயம்தான். ஆனால் அநியாயம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்குள் வயது போய்விடும் என்பதால் சொல்கிறேன்: எஸ்.எஸ்.பி.-யில் இலக்கணத்தைப் பார்ப்பதில்லை, தப்பாகவாவது தயங்காமல் பேசுகிறானா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு வருடம் தினம் அரை மணி நேரம் யாரோடாவது ஆங்கிலத்தில் பேசிப் பழகினால் அது சாத்தியம். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி நகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தடை தானாகக் கழன்றுவிடும், தம்பி தங்கை சின்ன வகுப்பில் இருந்தால் இதை யோசியுங்கள்.

வேலை எப்படி இருக்கும்? ஆபீசர் என்றால் ஏசி அறையில் கையெழுத்து, சிப்பாய் என்றால் எல்லையில் துப்பாக்கி என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீர் சோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்த, அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் பரங்கிமலையில் பயிற்சி முடித்த ஆபீசர். 2020 ஜூனில் கல்வானில் இறந்த, வீர் சக்கரம் பெற்ற ராமநாதபுரத்துப் பழனி ஹவில்தார். குண்டு பதவி பார்த்து வராது. வித்தியாசம் வேறு இடத்தில். சிப்பாய் தன் ஆயுதத்துக்கும் தன் வேலைக்கும் பொறுப்பு, ஆபீசர் முப்பது நாற்பது பேரின் உயிருக்கும், லீவுக்கும், அவர்கள் வீட்டுச் சண்டைக்கும்கூடப் பொறுப்பு. இருபத்திரண்டு வயது லெப்டினன்ட் யூனிட்டுக்குப் போகும் முதல் நாள், அவன் வயதுக்கு மேல் சர்வீஸ் வைத்திருக்கும் சுபேதார் ஒருவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து "சாப்" என்பார். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். அந்த மனிதரிடம் கற்றுக்கொண்டே அவருக்கு உத்தரவும் போட வேண்டும். இது எல்லோருக்கும் பிடிக்கும் வேலை இல்லை. கையில் ஒரு தொழில் இருக்கணும், சொன்னதைச் சுத்தமாக முடிக்கணும், மற்றவன் தலைவலி எனக்கு வேண்டாம் என்கிற சுபாவம் உள்ளவர்கள் நல்ல படைவீரர் ஆவார்கள், ஆபீசர் வேலையில் புழுங்குவார்கள். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

சரி, முதலில் அக்னிவீரர் ஆகிவிட்டுப் பிறகு ஆபீசர் ஆகலாமா? இந்தக் கேள்விக்குத்தான் பிறந்த தேதி வேண்டும். பதினெட்டு வயதில் சேர்ந்தால் இருபத்திரண்டில் வெளியே வருவீர்கள். அக்னிவீரர்களுக்கென்று இக்னோ பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு வைத்திருக்கிறது, பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் புள்ளிகளில் பாதி படைப் பயிற்சிக்கே கிடைத்துவிடும். அதைச் சேவையில் இருக்கும்போதே முடித்துவிட்டால் 22 வயதில் கையில் பட்டம், 11 லட்சத்துக்கு மேல் பணம், நான்கு ஆண்டு சீருடை அனுபவம், சி.டி.எஸ். எழுத இன்னும் மூன்று ஆண்டு. இது நிஜமாகவே நல்ல திட்டம். அதே ஆள் 21 வயதில் சேர்ந்தால் வெளியே வரும்போது 25, ஆபீசர் வாசல் அநேகமாக மூடியாகிவிட்டது. ஒரே வேலை, ஒரே சம்பளம், மூன்று வயது வித்தியாசம், முடிவு தலைகீழ். நிரந்தரப் படைவீரர்கள் ஆபீசராக டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜ் என்ற பழைய வழி உண்டு, ஆனால் அந்த 25 சதவீதத்துக்குள் வருவோம் என்று வைத்துக்கொண்டு அதையும் சேர்த்துத் திட்டம் போடுவது ஆற்றைக் கடக்கும் முன்பே அக்கரையில் வீடு கட்டுவது.

ஆபீசர் பக்கத்திலும் ஒரு சின்ன எழுத்து இருக்கிறது, அதையும் படிக்க வேண்டும். பரங்கிமலையில் கிடைப்பது ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்கிற குறுகிய கால ஆபீசர் பணி, பத்து ஆண்டு, விரும்பினால் மேலும் நான்கு. ஆபீசருக்குப் பென்ஷன் வர 20 ஆண்டு வேண்டும். ஆக நிரந்தரக் கமிஷன் கிடைக்காவிட்டால் முப்பத்தைந்து வயது வாக்கில், மனைவி பிள்ளைகளோடு, பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள். அக்னிவீரருக்குப் பென்ஷன் இல்லை என்று கொதிக்கிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. பத்தாண்டு லட்சத்துக்கு மேல் சம்பளம், கிராஜுவிட்டி, ஐ.ஐ.எம்.களில் படைவிட்டு வரும் ஆபீசர்களுக்கென்றே நடக்கும் ஆறு மாதப் படிப்பு, ஆள் நிர்வகித்த அனுபவம் இவற்றோடு வருகிறவருக்கு வெளியே இடம் கிடைக்கிறது. இருபத்திரண்டில் வரும் அக்னிவீரருக்கு மத்திய ஆயுதப் படைகளில் இட ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் அறிவித்திருக்கிறார்கள், அதுவும் விண்ணப்பித்துப் போட்டி போட்டு வாங்க வேண்டியதுதான், தானாக வந்து விழாது.

பெண் பிள்ளைகளுக்கு என் பதில் இன்னும் நேரடியானது: ஆபீசர் வழியை முதலில் பாருங்கள். தரைப்படையில் அக்னிவீரராகப் பெண்களுக்கு ராணுவப் போலீஸ் பிரிவு மட்டும்தான், இடங்கள் குறைவு. கடற்படையும் விமானப்படையும் எடுக்கின்றன. ஆபீசராகப் பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள், நிரந்தரக் கமிஷனுக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது, என்.டி.ஏ.-வில் சேர்ந்த முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் அங்கே படிப்பை முடித்து வெளிவந்தது.

ஆக நான் யாருக்கு என்ன சொல்வேன்? பிளஸ் டூ-வில் கணக்கு வருகிற பிள்ளை என்றால் பத்தொன்பதரை வரை என்.டி.ஏ.-வை விடாதீர்கள், நான்கு தடவையாவது எழுதலாம், நடுவில் கல்லூரியில் சேர்ந்து என்.சி.சி. போங்கள். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை, சம்பளம் இப்போதே வேண்டும் என்றால் தயங்காமல் அக்னிவீரர், ஆனால் பதினெட்டிலேயே, இக்னோ விண்ணப்பத்தோடு. இருபது வயதாகிக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருப்பவர் படிப்பை விட்டுவிட்டு ரேலிக்கு ஓடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னும் ஒரு வருடத்தில் கைக்கு வரப்போகும் பட்டத்தை விட்டுவிட்டு நான்கு வருட வேலைக்குப் போவது அது.

எந்தப் பக்கம் போனாலும், பயிற்சி சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு நல்ல டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிடுங்கள். நேராக நின்றால் முழங்கால் முட்டுகிறதா, பாதம் தட்டையா, நிறக்குருடு இருக்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதா, கையில் பச்சை குத்தியிருக்கிறதா. ஓட்டத்தில் முதலாக வந்தவன் மெடிக்கலில் வெளியே போவது அடிக்கடி நடப்பது. சிலவற்றைச் சரிசெய்யலாம், நிறக்குருடைச் சரிசெய்ய முடியாது, தெரிந்தால் அந்தக் குறை தடையாகாத வேறு வேலைக்கு இப்போதே படிக்கத் தொடங்கலாம். அப்புறம், "மெடிக்கல்ல ஆள் இருக்கு, மூணு லட்சம் கொடுத்தா முடிச்சுடலாம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். தேர்வானால் தன்னால் ஆனது என்று பணத்தை வைத்துக்கொள்வார், ஆகாவிட்டால் போனை எடுக்க மாட்டார். அந்த மூன்று லட்சம் வீட்டிலேயே இருக்கட்டும்.